அந்தமான் பயணம்: படகை வைத்துப் பணத்தைத் திட்டமிடுவது எப்படி?

அந்தமானுக்குப் போய்வரலாம் என்று வீட்டில் பேச்செடுத்ததும் எழுகிற முதல் கேள்வி, ‘தலைக்கு எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். என்னிடம் யாராவது இதைக் கேட்டால், ‘எத்தனை நாள் போகிறீர்கள், எத்தனை முறை படகு ஏறப் போகிறீர்கள்?’ என்று முதலில் விசாரித்துக்கொள்வேன். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால், பேருந்து ஓடாத நாளில் கார் பிடித்தாவது இறங்கிவிடலாம். தீவில் படகு ஓடவில்லை என்றால் வேறு வழியே கிடையாது. அன்றைய இரவுக்கு அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு, மறுநாளைக்குப் புது டிக்கெட், சில சமயம் தவறிப்போன விமானம் என்று செலவு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். ஆகவே அங்கே ரூபாய்க்குப் பட்ஜெட் போடுவதற்கு முன் நாட்களுக்குப் பட்ஜெட் போட வேண்டும்.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சிறு எச்சரிக்கை. ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும் 2018 டிசம்பரில் பெயர் மாற்றப்பட்டது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்கள்தான் இன்னும் புழங்குகின்றன என்றாலும் டிக்கெட்டிலும் ரசீதிலும் எந்தப் பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டால் தவறான தீவுக்குப் பணம் கட்டிவிட்டு, ரத்துக் கட்டணம் கொடுத்து மீள வேண்டிய நிலை வராது. இந்தக் கட்டுரையில் பழக்கத்தின் காரணமாகப் பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

கிளம்பும் முன்பே செலவாகிவிடும் பணம்

நானும் மனைவியும் பதினொரு வயது மகளும் மாமியாருமாக நான்கு பேர், சென்னையிலிருந்து ஆறு இரவுகளுக்குப் போய்வந்தோம். அப்போது நாங்கள் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். விலைகள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், தொகைகளை விட அவற்றுக்கிடையே உள்ள விகிதத்தைக் கவனியுங்கள். விமானம் போகவர நால்வருக்கும் சேர்த்து 52,000 ரூபாய், மூன்று படகுப் பயணங்களுக்கு 18,000, இரண்டு அறைகள் வீதம் ஆறு இரவுகளுக்கு வரியோடு 37,800, சாப்பாட்டுக்கு 19,600, ஆட்டோ, டாக்சி, ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு 12,000, கடலுக்குள் இறங்குவது, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு 15,000, படகு நின்றுபோனால் சமாளிக்க என்று தனியாக 15,000. எல்லாம் சேர்ந்து 1,69,400 ரூபாய்.

இதில் விமானம், படகு, அறை ஆகிய மூன்றுக்கு மட்டும் 1,07,800 ரூபாய், அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செலவாகிவிட்டது. கடற்கரையில் இளநீர்க்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதை விட, வீட்டில் உட்கார்ந்து தேதியை ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளிப் பார்ப்பதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. டிசம்பர் 20-க்கும் ஜனவரி முதல் வாரத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் விமானம், அறை இரண்டின் விலையும் உச்சத்துக்குப் போய்விடும். பள்ளி விடுமுறை ஒத்துவராதவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களைப் பார்க்கலாம். கடலும் அப்போது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அறைகள் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம்; அறையில் மிச்சம் பிடித்த பணம் ஓடாத படகுக்காகக் காத்திருப்பதில் கரைந்துபோக வாய்ப்புண்டு.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் செலவு மிகவும் குறையும் என்று சிலர் சொல்வார்கள். விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் முடியும் பயணம் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும். புறப்படும் தேதிகளும் நம் வசதிக்கு அமையாது. ஓய்வுபெற்றவர்களுக்கும், கடற்பயணத்தையே ஓர் அனுபவமாக நினைக்கும் மாணவர்களுக்கும் அது பொருந்தலாம். ஒரு வார விடுப்பில் போகிற குடும்பத்துக்கு அது சேமிப்பாகாது.

மத்திய அரசு ஊழியர்களாக இருந்தால், விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் போய்வரச் சிறப்பு ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு டிக்கெட் எடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் மூலம் எடுத்த டிக்கெட்டுக்குத்தான் பணம் திரும்பக் கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று வேறு ஏதோ ஒரு செயலியில் எடுத்துவிட்டு, பிறகு முழுத் தொகையையும் கையிலிருந்து ஏற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அறை எடுக்கும்போது வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370 ரூபாய் சேர்ந்து 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கோ வரி மட்டும் 1,368 ரூபாயாகி மொத்தம் 8,968-ல் வந்து நிற்கும். வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் கிட்டத்தட்ட 1,200 ரூபாய் ஆகிவிடுகிறது. நல்ல விடுதிகளில் இந்த எல்லையை ஒட்டி விலை இருந்தால், காலை உணவு சேர்க்காத அறையாகக் கேட்டு விலையைக் கீழே கொண்டுவர முடியுமா என்று விசாரிப்பதில் தவறில்லை.

பேக்கேஜில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில்: வயதானவர்கள் அதிகம் இருந்தால் போகலாம். ஆனால் பணம் கட்டும் முன், படகு அரசுப் படகா தனியார் படகா, அதில் எந்த வகுப்பு, மதிய உணவும் இரவு உணவும் சேர்ந்ததா, படகு ரத்தானால் கூடுதல் இரவின் செலவு யாருடையது ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது கேள்விக்கு வாய்வார்த்தையாக மட்டும் பதில் சொல்லி நழுவுகிற முகவரை விட்டுவிடுவது நல்லது.

படகும் மாற்று நாளும்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், பிறகு மீண்டும் போர்ட் பிளேர் என்பதுதான் வழக்கமான சுற்று. தனியார் படகுகள் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேர அளவில் போய்ச் சேரும், குளிர்சாதன வசதி உண்டு, கட்டணம் அதிகம். அரசுப் படகுகள் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கட்டணம் தனியார் படகை விடக் குறைவு. தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரர்களுக்கு வேறு கட்டணம் என்று அரசுப் படகில் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் அவர்கள் நம்பியிருப்பது அந்தப் படகைத்தான் என்பதால், இதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்று பயணங்களில் ஒன்றையாவது அரசுப் படகில் வைத்துக்கொண்டால் செலவு நன்றாகக் குறையும்; மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே போகும் வாய்ப்பும் கிடைக்கும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

பயணத் திட்டத்தில் நான் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. கடைசி இரண்டு இரவுகளும் போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். காலையில் நீலில் படகேறி மதியம் விமானம் பிடித்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், ஓர் இரவு வாடகையை மிச்சப்படுத்துவதற்காக நான்கு விமான டிக்கெட்டுகளைப் பணயம் வைக்கிறார்கள். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, சிடியா டாப்பு ஆகியவற்றை முதல் நாளே பார்த்து முடிக்காமல் கடைசி இரண்டு நாட்களுக்கு ஒதுக்கிவைத்தால், படகு ஒழுங்காக ஓடும்போது அந்த நாட்கள் வீணாகாது. ஓடாதபோது அவற்றில் ஒன்றை விட்டுக்கொடுத்துத் தப்பிக்கலாம்.

இது எங்களுக்கு உதவியது. சென்ற டிசம்பர் முதல் வாரத்தில் நீலிலிருந்து கிளம்ப வேண்டிய நாளன்று, காலை ஏழரை மணிக்குப் படகு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது: காற்றும் அலையும் பலமாக இருப்பதால் அன்றைய பயணம் ரத்து. துறைமுகத்தில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துகொண்டு நூறு பேர் ஒரே நேரத்தில் கைபேசியில் மறுநாள் டிக்கெட் தேடினால் இணைப்பு என்னவாகும்? திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் வரிசையில் நின்று மறுநாள் அரசுப் படகுக்கு ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். அதற்குள் மனைவி பழைய விடுதிக்கே திரும்பிப் போய், இரண்டு அறைகளுக்கு வரியோடு 5,880 ரூபாயை, அதையும் ரொக்கமாகவே, கட்டிவிட்டாள். போர்ட் பிளேரில் முன்பணம் கட்டியிருந்த ஓர் இரவு வீணாயிற்று, விமானம் தவறவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு குடும்பத்துக்கு அன்று மாலை விமானம். அவர்கள் கைபேசியில் விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

ரொக்கம் எவ்வளவு, எப்படி?

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடியிழைக் கேபிள் போடப்பட்டு 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் அங்கே போய்வந்தவர்கள் சொல்லும் இணையக் கதைகள் இன்று அப்படியே பொருந்தா. போர்ட் பிளேரில் காய்கறிக் கடையிலும் யுபிஐ ஓடுகிறது. ஆனால் கேபிள் வந்துவிட்டதாலேயே ஒவ்வொரு கடற்கரையிலும் சிக்னல் கிடைத்துவிடாது. மின்சாரம் போனாலோ மழை பிடித்துக்கொண்டாலோ நிலைமை இன்னும் மோசமாகும். குடும்பத்தில் இருவர் இருவேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்வது, இருவரின் கைபேசியிலும் பணம் அனுப்பும் வசதி இருப்பது ஆகிய இரண்டையும் கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் வெறும் அழைப்புச் சிக்னல் மட்டும் இருக்கும் இடத்தில் *99# என்று அழுத்திப் பணம் அனுப்பும் வழியும் உண்டு. அதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளாவிட்டால் அவசரத்தில் கைகொடுக்காது.

ஹேவ்லாக்கில் ஏடிஎம் உண்டு. நீலுக்குப் போகும்போது ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள். வேண்டிய ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்வதுதான் முறை. மாத இலவச வரம்பைத் தாண்டி எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையிலும் அதற்கு மேல் வரியும் பிடிப்பார்கள் என்பதால், இரண்டாயிரம் மூவாயிரமாகப் பலமுறை எடுக்காமல் ஒரேயடியாக எடுப்பது நல்லது. வெளித்தீவுகளில் தங்கத் திட்டமிட்ட மூன்று இரவுகளுக்கு நாங்கள் 20,000 ரூபாய் கொண்டுபோனோம். முழுவதும் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகத்தான் வைத்திருந்தேன். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தமிழர் ஒருவரின் கடையில் தண்ணீர் வாங்கியபோது பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: “அண்ணே, இங்கயே சில்லறை மாத்திக்கிட்டுப் போங்க. அங்க ஆட்டோக்காரன்கிட்ட ஐந்நூறை நீட்டினா, மிச்சம் இல்லன்னு முழுசையும் கேப்பான்.” அவரே 8,000 ரூபாய்க்கு நூறும் இருநூறுமாக மாற்றிக் கொடுத்தார். நீல் தீவில் இரண்டாவது நாளே அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று புரிந்தது.

அந்த ரொக்கத்தை ஒரே பையில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடலில் இறங்கும் நாளில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் தண்ணீர் புகாத உறையில் எடுத்துக்கொண்டு, மீதியை அறைப் பெட்டியில் பூட்டிவிடுவது போதுமானது.

தீவில் இறங்கியபின்

அங்கே சூரியனுக்கும் செலவுக்கும் தொடர்பு உண்டு. கடிகாரம் நம்முடையதுதான்; ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். காலை பத்து மணிக்கு நிதானமாகக் கிளம்பி ‘முழு நாள்’ டாக்சி எடுத்தால், முழு வாடகைக்கு அரை நாள்தான் கிடைக்கும். ஆறு, ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட்டால் அதே வாடகையில் இரண்டு இடங்கள் கூடுதலாகப் பார்க்கலாம்.

சென்னையில் செய்வதைப் போலச் செயலியில் கார் அழைக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறும் முன் வாடகையையும் காத்திருப்புக் கட்டணத்தையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கில் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை சுமார் 12 கிலோமீட்டர். நால்வருக்கு ஆட்டோ சரி. இருவர் என்றால் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது மலிவு. வண்டியைக் கையில் வாங்கும்போதே, சுற்றிலும் உள்ள கீறல்களைக் கடைக்காரரின் முன்னாலேயே கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது, எங்களுடையதல்லாத ஒரு கீறலுக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். காணொளியைக் காட்டியதும் பேச்சு அதோடு நின்றது. தங்குவதற்கு மூன்றாம் எண் கடற்கரையான கோவிந்த்நகர்ப் பக்கம் வசதி. சந்தை அருகில் இருப்பதால் விடுதி உணவகத்தை நம்ப வேண்டியதில்லை. எங்கள் சாப்பாட்டுக் கணக்கு கட்டுக்குள் நின்றதற்கு அதுவே காரணம்.

நீல் தீவில் லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரத்தில்தான் கிட்டே போய்ப் பார்க்க முடியும். நேரம் கேட்காமல் ஆட்டோ பிடித்துப் போனால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மறுபடியும் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிவரும். விடுதியில் கேட்டாலே அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஆழ்கடல் முக்குளிப்பு மட்டும் பேரம் பேசக் கூடாத இடம் என்பது என் கருத்து. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருப்போம், படம் எடுப்பது கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா போன்றவற்றைக் குறிப்பிட்டால் இறங்க அனுமதிக்காமல் போகலாம். ஆகவே அப்படியானால் முன்பணம் திரும்புமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். முக்குளித்தபின் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி இருப்பது நல்லது. கடைசி இரவுகளைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

பாரடாங் சுண்ணாம்புக் குகைக்கு நாங்கள் போகவில்லை. விடியலுக்கு முன்பே எழுந்து, வண்டிக்கு ஒரு பெருந்தொகை கொடுத்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வரிசையாகப் போகும் வண்டிகளோடு ஜாராவா பழங்குடி மக்களின் காட்டு வழியே போய்வர வேண்டும். வயதானவரோடு அந்த அலைச்சல் வேண்டாம் என்பது ஒரு காரணம். அந்தச் சாலை ஜாராவா மக்களுடைய வாசல் என்பது மற்றொன்று. ஒரு நாளும் கணிசமான பணமும் மிஞ்சின.

நினைவுப்பொருள் வாங்குவதில் ஒரு கண்டிப்பு உண்டு. கடற்கரையில் கிடக்கும் சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது. விமான நிலையச் சோதனையில் பிடித்துக்கொள்வார்கள், அபராதமும் வரலாம். சங்கு, முத்துப் பொருட்களை வாங்க விரும்பினால் போர்ட் பிளேரில் உள்ள அரசு விற்பனை நிலையமான சாகரிகாவில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அன்றாடக் கணக்குக்குச் செயலி எதுவும் நான் வைத்துக்கொள்ளவில்லை. இரவு சாப்பிட்டபின் மகள் ஒரு சிறு நோட்டில் தேதி, செலவு, யார் கொடுத்தது ஆகிய மூன்றை எழுதுவாள். சாப்பாடு, போக்குவரத்து என்று தனித்தனி வரம்பு வைக்காமல் ஒரு நாளுக்கு ஒரே தொகையாக வைத்து, மிஞ்சியதை மறுநாளுக்குக் கொண்டுபோவோம். ராதாநகர்ப் பக்கம் 640 ரூபாய் மீன் சாப்பாடு சாப்பிட்ட நாளில், ‘நாளைக்கு இட்லி’ என்று அவளே எழுதிவைத்தாள். நண்பர்கள் குழுவாகப் போவதானால் முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் போட்டு, அதை ஒருவர் கையிலும் நோட்டை இன்னொருவர் கையிலும் கொடுங்கள்.

ஊர் திரும்பியதும் ரத்தான படகின் குறுஞ்செய்தியையும் டிக்கெட் எண்ணையும் அழித்துவிடாதீர்கள். எங்களுக்குத் திரும்ப வேண்டிய படகுக் கட்டணம் ஒன்பதாம் நாள்தான் கணக்கில் ஏறியது, அதுவும் இரண்டு முறை தொலைபேசியில் நினைவுபடுத்திய பிறகு. ஆபத்துக்கு என்று ஒதுக்கியிருந்த 15,000-ல் நீல் தீவின் கூடுதல் இரவுக்கு 5,880 போயிற்று. அரசுப் படகுக்குக் கொடுத்தது திரும்பி வந்த தொகையில் அடங்கிவிட்டது. மீதி 9,120 ரூபாயை அதே கணக்கில் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.